பேர் போடாத நடை

சித்திரை வருஷப்பிறப்பு விடுமுறையில் ஒரு நாள், காலையிலேயே என் போனை அம்மாவின் சுவெட்டர் பாக்கெட்டுக்குள் போட்டு மேலே ஊக்கைக் குத்திவிட்டேன். "இது என்னாத்துக்கு பாப்பா?" என்று கேட்டார். "சும்மாதாம்மா, இருக்கட்டும்" என்றேன். இரவு படுக்கப்போகும்போது எடுத்துப் பார்த்தேன். 612 காலடி.

அடுத்த நாள் 580. மூன்றாம் நாள் 700 சொச்சம். அன்றைக்குக் கரண்ட் போய் டிவி ஓடவில்லை.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்க நாற்பது வருஷம் மலையேறியவர். 1964இல், பதினைந்து வயதில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் பதிந்தார். 2004இல் கூடையை இறக்கி வைத்தார். இடையில் நாங்கள் நான்கு பேர் பிறந்தோம். கூடையின் தலைக்கயிறு அழுத்தி அழுத்தி, உச்சந்தலைக்கு முன்னால் முடி வளராத ஒரு தடம் இன்றைக்கும் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடும்போது என் விரல் அதில் போய் நின்றுவிடும். அப்படி உழைத்த மனுஷி ஒரு முழு நாளில் 612 காலடிதான் வைத்தார் என்று பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஏனென்றால் அந்தக் கணக்கு என் கையால் வந்தது.

2018இல் அப்பா போனபிறகு அம்மாவைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து, இலங்கை மலையகத்தில் தலவாக்கலையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அதுவரைக்கும், வேலையை விட்டு பதினாலு வருஷம் ஆகியும், அவர் சும்மா இருந்ததில்லை. ஒரு மாடு வைத்திருந்தார். லயத்துக் கோடியில் துண்டு நிலத்தில் கரட், லீக்ஸ் போட்டார். தம்பியின் பிள்ளைகளை வளர்த்தார். விறகு பொறுக்கினார். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு லயம் லயமாக ஏறி இறங்கி அரிசி சேர்த்தார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே விளக்குமாற்றைக் கையில் எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டேன். "ஒழச்சது போதும். நீ சும்மா உக்காரும்மா."

அதை நான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ. உடுப்புத் துவைக்க மெஷின் வாங்கினோம். சாமான் வாங்க என் வீட்டுக்காரர் ஆட்டோவில் போய்வருவார். கோயில் தூரம் என்று டிவியில் பூசை போட்டுவிட்டோம். கொஞ்ச நாள் வெங்காயமாவது உரித்துக்கொண்டிருந்தார், கண் மங்கலில் கையை வெட்டிக்கொண்டதும் அதையும் வாங்கி வைத்துவிட்டேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் நல்ல மெத்தை போட்ட கதிரை ஒன்று. காலுக்குக் கம்பளி. மேல் கொத்மலை அணைத் தண்ணி தெரியும், கோச்சி, அதுதான் ரயில், போவது தெரியும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "குடுத்து வச்ச அம்மா" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறதி எப்போது தொடங்கியது என்று நாள் குறித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் எது போனபோது நான் பயந்தேன் என்று தெரியும். கணக்கு.

அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பேனா பிடித்ததில்லை. ஆனால் மாசம் முழுவதும் ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ நிறுத்தார் என்று தலைக்குள்ளேயே வைத்திருப்பார். மாரியம்மன் கோயில் மேட்டுத் தேயிலை நெறையில் எடுத்த அன்று இத்தனை, மழைக்கு அரை நாளில் இறங்கிய அன்று இத்தனை, கடைக்குட்டிக்குக் காய்ச்சல் கண்ட அன்று இத்தனை என்று ஒவ்வொரு எண்ணையும் ஒரு சங்கதியில் முடிந்து வைத்திருப்பார். சம்பள நாளில் சம்பளத் துண்டை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். நான் வாசிக்க வாசிக்க உதட்டுக்குள் கூட்டிக்கொண்டே வருவார். ஒரு தடவை நாலு கிலோ விட்டுப்போயிருந்தது. நேரே போய், "பதினேழாம் தேதி அந்திக் கொழுந்த நீங்க எழுதல ஐயா" என்று நின்றார். ஏட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். எழுதியிருக்கவில்லை.

அந்த அம்மா ஒரு நாள் காலை பத்து மணிக்கு, "நான் சாப்டேனா பாப்பா?" என்று கேட்டார். சாப்பிட்ட தட்டு பக்கத்திலேயே இருந்தது.

அதன்பிறகு கவனிக்கத் தொடங்கினேன். கேட்டதையே கேட்பார். தேத்தண்ணிக்கு இரண்டு தரம் சீனி போடுவார். 1972இல் அவருடைய அண்ணன் குடும்பம், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனபோது ஸ்டேஷனில் யார் யார் எந்தப் பெட்டியில் ஏறினார்கள், அண்ணி கையில் என்ன மூட்டை என்பதெல்லாம் நேற்று நடந்த மாதிரி சொல்வார். முந்தாநாள் யார் வந்துபோனது என்றால் திருதிருவென்று முழிப்பார். இன்னொன்றையும் பார்த்தேன், அது நோய் சம்பந்தப்பட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. நடக்கும்போது ஏதாவது கேட்டால் நின்றுவிடுவார். நின்று, பதில் சொல்லி, பிறகுதான் காலை எடுத்து வைப்பார். நடையும் பேச்சும் சேர்ந்து ஓடவில்லை. சுவீடனில் 1997இலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்: பேசும்போது நடையை நிறுத்திவிடும் வயதானவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்று. நடப்பது கால் மட்டும் செய்கிற வேலை என்று நாம் நினைக்கிறோம். வயது போனபிறகு ஒவ்வொரு அடிக்கும் மூளை கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. பேச்சுக்கும் அதே கவனம் வேண்டும். இரண்டுக்கும் பற்றாமல் போகும்போது ஒன்று நின்றுவிடுகிறது.

முதலில் கூட்டிப்போன கிளினிக்கைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஒரு தாளை நீட்டி மணிக்கூடு படம் வரையச் சொன்னார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். ஒரு வசனம் எழுதச் சொன்னார்கள். கேள்வியை நான் தமிழாக்கிச் சொல்லச் சொல்ல, அம்மா பேனாவைக் கூடைக்கம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். புள்ளி ரொம்பக் குறைவு என்றார்கள். வயசு போனா இப்படித்தான், ஒன்றும் செய்ய ஏலாது என்றார்கள். எழுத்தே தெரியாத ஒருவருக்கு எழுதச் சொல்லிப் புள்ளி போடுவதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நம் மலையகத்தில் அம்மாவின் வயதுக்காரப் பெண்களில் எத்தனை பேர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியிருப்பார்கள்? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே எழுபதுகளில்தான்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி. தமிழில் பேசினார். காகிதத்தை எடுக்கவே இல்லை. ரொட்டிக்கு மாவு எப்படிப் பிசைவீர்கள், சம்பளம் வந்தால் முதலில் என்ன வாங்குவீர்கள், பேரப்பிள்ளைகள் பேர் என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். காதுக்குள் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். தைராய்டுக்கும் பி12 விட்டமினுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். இவற்றில் குறை இருந்தாலும் மறதி வரும், அது மருந்தில் தீரக்கூடியது என்றார். கடைசியில் சொன்னது இதுதான்: சாதாரண வயதுக்குரிய மறதியைவிடக் கூடுதல், ஆனால் மறதி நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. இப்படி இருக்கிற எல்லாருக்கும் டிமென்ஷியா என்கிற அந்த மறதி நோய் வந்தே தீரும் என்றில்லை, சிலர் திரும்பியும் வருவார்கள். இரண்டு கண்ணிலும் புரை, காதில் அடைப்பு, பிரஷர் கூடுதல். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறார்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அந்த போன், அந்த ஊக்கு.

612ஐச் சொன்னபோது பக்கத்து வீட்டு மாமா நம்பவில்லை. "அட போ டீச்சர், மலையேறுன ஒடம்பு. அவங்களுக்கெல்லாம் மறதி வராது, பாத்துக்க." நம் ஆட்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். பத்தாம் பதினோராம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால், தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் என்னை உலுக்கியது டென்மார்க்கிலிருந்து 2020இல் வந்த ஓர் ஆய்வு. எழுபதுகளில் கோப்பன்ஹேகனில் வேலை செய்த 4,721 ஆண்களைப் பல பத்து வருஷங்கள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். உடம்பை வருத்தும் வேலை செய்தவர்களுக்கு, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட டிமென்ஷியா வரும் வாய்ப்பு 55 சதவீதம் கூடுதலாக இருந்திருக்கிறது.

முதலில் எனக்கு இது பிடிபடவே இல்லை. அசைந்தால் நல்லது என்கிறார்கள், அசைந்தே வாழ்ந்தவர்களுக்கு ஏன் கூட? பிறகு அம்மாவின் ஒரு நாளை நினைத்துப் பார்த்தேன். இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த தேயிலைக்குள் இடுப்புவரை ஈரமாக நிற்பது. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். ஈரக் கொழுந்து ஏற ஏற கழுத்து பின்னால் இழுபடுவது. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலிதான் போடுவார்கள் என்பதால் ஒண்ணுக்குப் போவதைக்கூட அடக்கிக்கொள்வது. போக இடமும் கிடையாது. அந்தியில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்தால் புகை மண்டிய அடுப்படி, ஆறு பேருக்குச் சமையல். இதில் நடை இருக்கிறது, ஏற்றம் இருக்கிறது, வேர்வை இருக்கிறது. ஓய்வு இல்லை. வேகத்தை அவர் தீர்மானிக்கவில்லை, நேரத்தை அவர் தீர்மானிக்கவில்லை. களைத்தால் நிற்க முடியாது. பிரஷர் ஏறியதைப் பார்க்க ஆள் இல்லை. மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களைக் காட்டி "என்ன ஆரோக்கியமான வாழ்க்கை" என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. அது உடற்பயிற்சி கிடையாது. கூலி.

லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 14 காரணிகளைச் சொல்கிறார்கள். அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் வரும் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். அந்த வரிசையை வாசித்துக்கொண்டே அம்மாவை எண்ணிக்கொண்டு வந்தேன். சின்ன வயதில் படிப்பு இல்லாதது, பிரஷர், காது, கண், அசையாமல் இருப்பது, தனிமை. ஆறு. காற்று மாசும் அதில் இருக்கிறது, லயத்து அடுப்புப் புகையைச் சேர்த்தால் ஏழு. இதில் படிப்பையும் புகையையும் என்னால் திருப்பி எடுக்க முடியாது. மற்ற ஐந்தும் என் வீட்டுக்குள் இருந்தன. அதில் இரண்டை, கடைசி இரண்டை, நானே மெத்தை போட்டு உட்கார வைத்திருந்தேன்.

மூளை நம் உடம்பு எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடம்புக்குள் போகிற ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. நடக்கும்போது இரத்தம் நன்றாக ஓடும், பிரஷரும் சீனியும் கட்டுக்குள் வரும், நரம்புகளை ஊட்டி வளர்க்கிற புரதமும் கூடும். 2011இல் அமெரிக்காவில் வயதானவர்கள் 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரத்துக்கு மூன்று நாள் 40 நிமிஷம்வரை நடக்க வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து அவர்களுடைய மூளையில் ஞாபகத்துக்கு உரிய ஹிப்போகேம்பஸ் பகுதி 2 சதவீதம் வளர்ந்திருந்தது. கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த மற்றப் பாதிக்குச் சுருங்கியிருந்தது. பிரித்தானியாவில் 78,430 பேருடைய காலடிக் கணக்கை வைத்து 2022இல் வந்த ஆய்வில், நாளொன்றுக்கு 3,800 காலடி அளவிலேயே டிமென்ஷியா வாய்ப்பு கால் பங்கு குறைந்து தெரிகிறது, 9,800இல் பாதி.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது சிக்காகோவில் செய்த ஒன்று. சராசரி 82 வயதுள்ள 716 பேர். மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டி, பத்து நாள்வரை அவர்களுடைய எல்லா அசைவையும் பதிந்திருக்கிறார்கள். உடற்பயிற்சி மட்டும் கணக்கில்லை. சமைப்பது, பாத்திரம் கழுவுவது, வீடு கூட்டுவது எல்லாம் அதில் சேரும். ஆகக் குறைவாக அசைந்தவர்களுக்கு, ஆகக் கூட அசைந்தவர்களைவிட அல்சைமர் என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். 2012இல் வந்தது அது. நான் அம்மா கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்கியதற்கு ஆறு வருஷம் முந்தி.

இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். லண்டனில் அரசாங்க உத்தியோகத்தர்கள் 10,308 பேரை 28 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. மறதி நோய் வந்தவர்களிடம், அது கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒன்பது வருஷம் முந்தியிருந்தே நடமாட்டம் குறைய ஆரம்பித்திருக்கிறது. அப்படியென்றால் நடை குறைந்ததால் மறதி வந்ததா, மறதி வரப்போவதால் நடை குறைந்ததா? இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எது முந்தி என்று காத்திருந்து பார்க்க அம்மாவுக்கு நேரம் இல்லை.

முதலில் நான் செய்தது தப்பாகப் போனது. நல்ல சப்பாத்து வாங்கி, காலை ஆறு மணிக்கு எழுப்பி, ரோட்டோரமாக அரை மணி நேரம் நடக்கக் கூட்டிப்போனேன். நாலாம் நாள் சந்தியில் நின்றுவிட்டார்.

"எங்க போறோம்?"

"சும்மா நடக்குறோம்மா."

"சும்மாவா? இதுக்கு யாரு பேர் போடுவா?"

அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். தோட்டத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்காக: ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பேர் விழுந்தால்தான் கூலி. வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு அடியும் எதற்காவது வைத்த அடி. சப்பாத்து போட்டுக்கொண்டு காரணமில்லாமல் போய்த் திரும்பி வருவது அவருக்கு அர்த்தமே இல்லாத காரியம். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது அவர் சொன்னதில்தான் வழி இருந்தது.

பால் வாங்கும் வேலையைக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு மேலே மேட்டில் மாடு வைத்திருக்கும் வீடு, 74 படி. முதல் வாரம் நான் பின்னாலேயே போனேன். புரை எடுக்காத கண்ணுக்குப் படி விளிம்பு தெரியவில்லை, காலால் தடவித் தடவி வைத்தார். ஒரு கண்ணுக்கு ஒப்பரேஷன் முடிந்து வந்த பிறகு பார்க்க வேண்டுமே. "இந்தப் படி இம்புட்டு ஒசரமா இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். காதில் அடைத்திருந்ததை எடுத்ததும், மேல்வீட்டுப் பெண்ணோடு பேச்சு நீண்டது. பால் வாங்கப் போய் ஒரு மணி நேரம் கழித்து வருவார். நான் கேட்க மாட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் சரிவில் புல் மண்டிக் கிடந்த துண்டை அவரிடம் விட்டேன். போஞ்சி, புதினா, கொஞ்சம் லீக்ஸ். போஞ்சி ஆயும்போது அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும். ஒரு கையால் எடுக்கத் தெரியாது அவருக்கு. இரண்டு கையும் இரண்டு பக்கம் போகும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பை மடக்கி ஒடிக்கும், இழுக்காது. உள்ளங்கை நிறைந்ததும், திரும்பியே பார்க்காமல் தோளுக்கு மேலால் பின்னுக்கு வீசுவார். பின்னால் கூடை இல்லை. போஞ்சி மண்ணில் விழும். முதல் தடவை நான் பதறிப்போனேன், எல்லாம் போயிற்று என்று. அவரே திரும்பிப் பார்த்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த நாள் பழைய சாக்கை இடுப்பில் முடிந்துகொண்டு அதற்குள் போட்டார். படங்கு முடிச்சு, அப்படியே. கண்ணால் பார்க்காமல் முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டவுன். என்ன வாங்க வேண்டும் என்று வீட்டில் வைத்து ஐந்து சாமான் சொல்வேன், எழுத மாட்டேன். போகும் வழியில் அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவார். கடைக்காரரிடம் "மேக்க கீயத மாத்தயா?" என்று சிங்களத்தில் தொடங்கி, விலை படியாவிட்டால் தமிழில் முடிப்பார். மிச்சக் காசை எண்ணி வாங்குவது அவர் வேலை. ஐந்தில் மூன்று ஞாபகம் வரும், சில நாள் நாலு. வராததை நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து பருப்பு இல்லை என்று தெரிந்தால், பருப்பு இல்லாத சமையல்.

ஆடி மழையில் பாசி பிடித்த படியில் சறுக்கி விழுந்தார். மணிக்கட்டு வீங்கியது, எலும்பு முறியவில்லை. நான் பயந்துபோய் திரும்பவும் பழைய கதிரையில் உட்கார வைத்தேன். மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. பேச்சுக் குறைந்தது, பகலில் தூங்கி இரவில் முழித்திருந்தார். ஒரு நாள் என்னை அவருடைய தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். டாக்டரிடம் போனேன். "விழாமல் இருக்க உட்கார வைக்கிறீர்கள். உட்கார உட்கார காலில் பெலன் போய், நாளைக்குக் கட்டாயம் விழுவார்" என்றார். வயதானவர்களுக்கு நடையோடு, சமநிலைக்கும் தசைப் பெலனுக்கும் வாரத்தில் மூன்று நாளாவது பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருப்பதைக் காட்டினார். என் வீட்டுக்காரர் அந்த 74 படிக்கும் ஒரு பக்கம் இரும்புக் குழாயில் பிடிகம்பி போட்டார். மேல்வீட்டுக்காரர்களும் கூட நின்று சுண்ணாம்பு போட்டுப் பாசியைச் சுரண்டினார்கள். செருப்பை மாற்றினோம், பின்பட்டி உள்ளது. மழை நாளில் வெளியே விடுவதில்லை. அன்றைக்கு அம்மி. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி உட்காருவதைச் சோறு வேகும்வரை செய்வார், அதை அவர் "தோப்புக்கரணம்" என்கிறார். அதற்குப் பிள்ளையார் பேர் போடுவாராம். நடுவில் இரண்டு வாரம் மேட்டுப் பாதையில் குளவிக்கூடு கட்டி, பால் வேலை நின்றது. அப்போது கோயிலுக்குப் போனோம்.

என்னோடு படிப்பிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதே கதை. தோட்டத்திலிருந்து பெற்றோரைக் கூட்டிவந்து டவுன் வீட்டில் இருத்தியிருக்கிறோம். லயத்தில் இன்னும் இருக்கும் கிழவிகள், மகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டதால் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்களுக்கு ஓய்வு கொடுக்க ஆள் இல்லை. நம் வீட்டில் இருப்பவர்களுக்கு ஓய்வைத் தவிர எதுவும் கொடுப்பதில்லை. உங்கள் வீட்டிலும் ஜன்னலோரக் கதிரை இருந்தால், முதலில் கண்ணையும் காதையும் பிரஷரையும் பாருங்கள். படிக்குப் பிடிகம்பி போடுங்கள். பிறகு அவர்களிடமிருந்து பிடுங்கிய வேலைகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். அவர்களுக்குப் பிடித்த ஒன்றை, களைத்தால் நிறுத்தக்கூடிய ஒன்றை.

அம்மாவுக்கு மறதி போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். போகவில்லை. கண்ணா, காதா, பிரஷர் மாத்திரையா, நடையா, எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. இப்போது மழையில்லாத நாளில் மூவாயிரத்துக்குக் குறையாமல் நடக்கிறார். டவுன் போகும் நாளில் நாலாயிரத்தைத் தாண்டும். படி ஏறும்போது கேள்வி கேட்டால் இன்னும் நிற்கிறார். சமதரையில் நடந்துகொண்டே பதில் சொல்கிறார், பெரும்பாலும்.

போனை பாக்கெட்டில் போட்டு ஊக்குக் குத்துவதை இப்போது அவரே செய்கிறார். அந்தியில் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார். காலடி என்ற சொல் அவருக்கு ஒட்டவில்லை. கிலோதான்.

நேற்றும் நீட்டினார். "இன்னைக்கு எத்தன கிலோ?"

"மூவாயிரத்து எழுநூறும்மா."

"முந்தாநாள் எம்புட்டு?"

"நாலாயிரத்து நூறு இருக்கும்."

கண்ணை மூடி உதட்டுக்குள் எதையோ ஓடவிட்டார். "நூறு இல்ல. நூத்திப் பத்து. சந்தைக்குப் போய்ட்டு அந்தக் கடசிப் படியில ஒக்காந்து பாத்தோம்ல. பத்த விட்டுட்ட."

போனைத் தடவிப் பின்னால் போய்ப் பார்த்தேன். 4,110.

கொஞ்ச நேரம் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இன்னைக்கு எத்தன கிலோ பாப்பா?" என்று கேட்டார். மூவாயிரத்து எழுநூறு என்று சொன்னேன்.